பெரியமுத்து தேர்ந்தெடுத்த வைப்ராஃபோன்

மூணாறு மலையில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவன் பெரியமுத்து. அவன் வைப்ராஃபோன் வாசிப்பான், அதுவும் ஜாஸ் வாசிப்பான் என்றால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்ப வேண்டாம், போங்கள். அவன் வாசித்ததைக் கேட்டவர்களே நாலைந்து பேர்தான். அதில் ஒருத்தன் அவனை நம்ப வைத்துக் கழுத்தறுத்தான்.

1971இல் வெள்ளைக்கார துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது அந்த வாத்தியத்தை எஸ்டேட் துரைமார் கிளப்பிலேயே விட்டுவிட்டுப் போனார். ஆர்மோனியக் கட்டைகளுக்குப் பதில் உலோகப் பட்டைகளை மேஜை நீளத்துக்குப் பரப்பியது மாதிரி இருக்கும். பட்டைகளுக்குக் கீழே குழாய்கள், குழாய் வாயில் சுழலும் சின்னத் தகடுகள், தகடுகளைச் சுற்ற ஒரு மோட்டார். மோட்டார் ஓடினால் நாதம் அலையடிக்கும். காலடியில் பெடல், மிதித்தால் நாதம் நீளும், விட்டால் அடங்கும். மோட்டார் பெல்ட் அறுந்ததென்று ஃபிட்டரைக் கூப்பிட்டார்கள். பெல்ட்டை மாட்டியவன் சும்மா வந்திருக்கலாம். ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒரு பட்டையைத் தட்டினான். அன்றோடு ஆள் காலி.

கிளப்பில் பியானோ வாசித்த மிக்கேல் அவன் வயதுக்காரன், மாப்ளே மச்சான் என்று பழகுகிற சிநேகிதன். திங்கட்கிழமை கிளப்புக்கு விடுமுறை. அன்று ஷிஃப்ட் முடிந்ததும் பெரியமுத்து பின்வாசல் வழியாகப் போய்விடுவான். மூங்கில் குச்சி முனையில் ரப்பர் உருண்டை செருகி, அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் மனைவி ராமுத்தாயின் பழைய ஸ்வெட்டர் நூலை அதன்மேல் சுற்றி, வாசிக்கும் குச்சிகளை அவனே செய்தான். நூல் குறைந்தால் பட்டை கத்தும், கூடினால் முனகும். பிரித்துப் பிரித்துச் சுற்றினான். ஆறு மாதம் கைக்கு ஒரு குச்சி, பிறகு கைக்கு இரண்டு. விரலிடுக்கெல்லாம் புண்.

"எழுதுனத வாசிக்கதுக்குப் பேரு ஜாஸ் இல்லலே. மெட்ட மனசுல வச்சுக்கிட்டு ஒனக்குத் தோணுனத வாசி. ஆனா வழி தப்பிராத" என்பான் மிக்கேல். தாளத்தில் விழ வேண்டிய இடத்துக்கு அரை மூச்சு தள்ளி விழுவதில் பெரியமுத்துவுக்கு அப்படி ஒரு ருசி. மோட்டாரை நிறுத்திவிட்டு வாசிப்பான். அடித்த பட்டையை மறு குச்சியால் தொட்டு அணைத்து, அடுத்ததை மட்டும் பேச விடுவான். நல்லதாக ஒன்று விழுந்தால் மிக்கேல் உடனே நோட்டில் குறித்துக்கொள்வான்.

"எதுக்குலே எழுதுத?"

"நீ மறந்துருவ மாப்ளே. எழுதி வச்சாத்தான் நிக்கும்."

அடடா, என்ன அக்கறை!

1975இல் கொச்சியில் ஒரு ஹோட்டல் பியானோவுக்கும் வைப்ராஃபோனுக்கும் ஆள் தேடியது. "நாம ரெண்டு பேரும்தான்லே. வாத்தியத்த நீ வந்து பாத்து எடு" என்றான் மிக்கேல். பெரியமுத்து லீவு போட்டுவிட்டுப் போனான். அங்கே ஒரு கடையில் இரண்டு வைப்ராஃபோன்கள் விற்பனைக்கு இருந்தன. ஒன்று தங்கமாய் மின்னியது, இன்னொன்று மங்கிப்போய்க் கிடந்தது. மிக்கேல் மின்னுவதின் பக்கம் போய் நின்றுகொண்டான். பெரியமுத்து ஒவ்வொரு பட்டையாகத் தட்டி, நாதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணினான். குனிந்து அடிப்பக்கம் தடவினான். மின்னியதில் மூன்று பட்டைகளை யாரோ அரத்தால் ராவிக் கெடுத்திருந்தார்கள். மங்கியதில் பெடலை விட்டால் எல்லாப் பட்டையும் ஒரே நேரத்தில் அடங்கியது. "இதுதான்" என்றான்.

இங்கேதான் அவன் புத்தி எஸ்டேட் புத்தியாக வேலை செய்தது. ஓர் எஸ்டேட்டின் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், பேர் இருந்தால் இன்னோர் எஸ்டேட்டில் பேர் பதிய மாட்டார்கள். பேரை வெட்டி, வெட்டிய சீட்டைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிறந்ததிலிருந்து அவன் பார்த்த வழக்கம் அது. கொச்சி ஹோட்டலும் சீட்டுக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டு, ஆபீசுக்குப் போய்ப் பேரை வெட்டிவிட்டான். பேர் போனால் அவன் பேரில் எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போகும். ராமுத்தாயிடம் மூச்சு விடவில்லை. சொன்னால், "மொதல்ல ஹோட்டல்காரன் காயிதம் வரட்டும்" என்பாள். அது அவனுக்குத் தெரியும்.

சீட்டை மிக்கேலிடம் காட்டினான். மிக்கேல் அதைப் படித்தான், மடித்தான், திருப்பிக் கொடுத்தான். "சரி மாப்ளே, நான் முன்ன போறேன். நீ ரெண்டு வாரம் கழிச்சு வா" என்றான்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஹோட்டல் ஹாலில் சாயங்கால ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவன் தேர்ந்தெடுத்த வைப்ராஃபோனுக்குப் பின்னால் கோட்டுப் போட்ட ஒருத்தன் நின்றான். மிக்கேலின் தங்கை புருஷன் அமிர்தநாதன். முன்னால் அந்த நோட்டு விரிந்திருந்தது. அவன் வாசித்தது பெரியமுத்து வாசித்ததேதான். அரை மூச்சுத் தள்ளல், குச்சியால் அணைப்பது, எல்லாம். தன் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்னொருத்தன் நடப்பதைப் பார்ப்பது போல் இருந்தது அவனுக்கு.

மிக்கேல் அவனைப் பார்த்துவிட்டு வெளியே இழுத்து வந்தான். "இங்கிலீஷ் பேசுத ஆளு வேணும்னுட்டாங்கலே."

"எப்போ சொன்னாங்க?"

மிக்கேல் தரையைப் பார்த்தான். "மொதல்லயே."

"பாவி! அப்ப வாத்தியம் எடுக்க என்னய எதுக்குலே கூப்பிட்ட? சீட்ட ஒங்கையில குடுத்தேனே, அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"நானா ஒன்னயப் பேர வெட்டச் சொன்னேன்?"

சொல்லவில்லைதான். பெரியமுத்து அடிக்கக் கை ஓங்கினான், ஓங்கிய கையை இறக்கிக்கொண்டு பஸ் ஏறினான்.

மறுநாள் லயத்துக்கு வந்தபோது வாசலில் ராமுத்தாய் நின்றாள். கையில் ஆபீஸ் காகிதம், வீட்டைக் காலி செய்யச் சொல்லி. அவன் எல்லாவற்றையும் கொட்டினான். மிக்கேலின் பரம்பரையையே திட்டித் தீர்த்தான். கூடப்பிறந்தவனாக நினைத்தேனே, வாய் திறக்காமல் இருந்தே குடியைக் கெடுத்துவிட்டானே என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதான்.

ராமுத்தாய் அழவில்லை.

"அவன் வாய் தெறக்கலன்னு அழுதீங்க. சரி. பேர வெட்டிட்டு வந்து ரெண்டு வாரம் எங்கூட ஒக்காந்து கஞ்சி குடிச்சீங்களே, நீங்க தெறந்தீங்களா?"

அவள் செக்ரோலில் தன் பேர் இருப்பதைச் சொல்லி, வீட்டைத் தன் பேருக்கு மாற்றிக் கேட்க, காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குத் தனியாகப் போனாள். நானும் வரவா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.