மூன்று போத்தல் கொழும்புத் தண்ணீர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். ஐயா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, ஐயாவின் தமையனான பெரியப்பா, அண்ணன், நான். ஏழாவது ஆள் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் அன்று பின்னேரமே உருத்திரபுரம் முழுவதும் கதை பரவிவிட்டது. ஆனால் ஆறு பேரும் தாங்கள் வாய் திறக்கவில்லை என்றே கடைசிவரை சொன்னோம்.

எனக்கு அப்போது பத்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அரசாங்கம் ஆட்களைக் குடியேற்றிய கொலனித் திட்டத்தில் காணி எடுத்தவர்களில் ஐயாவும் ஒருவர். மூன்று ஏக்கர் வயல், வாய்க்கால் ஓரம், மதகுக்குப் பக்கத்தில். இரண்டு வருஷம் தொடர்ந்து மழை ஏமாற்றியதும் ஐயாவுக்கு வயல் வெறுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமாவின் கடிதம் வந்தது. மாமா கொழும்பில், புறக்கோட்டையில், ஒரு மொத்தக் கடையில் எழுத்து வேலை செய்துகொண்டிருந்தார். முதலாளி கணக்கெழுத நம்பிக்கையான ஒரு ஆள் தேடுகிறார், அத்தான் வந்தால் வேலை கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஐயா அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் வயலுக்கே போகவில்லை.

வயலை இரண்டு வருஷத்துக்குப் பெரியப்பா குத்தகைக்கு எடுப்பதென்று முடிவாயிற்று. நானூறு ரூபாய். இருநூறு உடனே. மிச்சம் இருநூறு, கொழும்பில் எந்த இடத்தில் குடியிருப்பது என்று முடிவானதும். கொலனிக் காணியைக் குத்தகைக்குக் கொடுக்கக்கூடாது என்பது சட்டம். அதனால் எழுத்து ஒன்றும் இல்லை, வாய்க்கதைதான். பெரியப்பா எதிலும் பாதியைக் கையில் வைத்துக்கொள்ளும் மனிதர். வெற்றிலையைக்கூட அரைவாசி கிள்ளித்தான் நீட்டுவார்.

முதல் இருநூறில் ஐம்பது கடைக் கடனுக்குப் போனது. நூற்றைம்பதை ஐயா மணியோடர் கட்டி, வீட்டுக்கு முற்பணம் கொடுக்கச் சொல்லி மாமாவுக்கு அனுப்பினார்.

பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் வேறு கதையே இல்லை. மாமா மூன்று இடங்கள் எழுதியிருந்தார்: கொட்டாஞ்சேனை, மருதானை, கொம்பனித்தெரு. கொழும்பைக் கண்ணால் காணாத நாங்கள் கொழும்பைத் தெருத் தெருவாகப் பங்கு போட்டோம். ஐயாவுக்குக் கொட்டாஞ்சேனை. நம்மட ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, கடைக்கு நடந்தே போகலாம். அண்ணனுக்கு மருதானை. அங்கே படக் கொட்டகைகள் இருக்கின்றனவாம். அதை அவன் ஐயாவிடம் சொல்லவில்லை, ரயில் ஸ்ரேசன் கிட்ட என்று சொன்னான். எனக்கு மூன்றும் பயம். மருதானையில் சனத்துக்குள் தொலைந்துபோவேன். கொம்பனித்தெருவில் வாவி இருக்கிறதாம், விழுந்துவிடுவேன். கொட்டாஞ்சேனையில் மாடிவீடுகளாம், மேல்வீட்டுக்காரர் இடிந்து எங்கள் தலையில் விழுவார்கள். இரவில் படுத்துக்கொண்டு எந்தச் சாவு லேசானது என்று யோசிப்பேன்.

அம்மா மட்டும் எந்த இடத்தின் பெயரையும் சொல்லவில்லை.

“தண்ணியைப் பாக்காமல் நான் ஒரு இடத்துக்கும் வரமாட்டன்.”

அம்மா பிறந்த ஊரில் கிணறெல்லாம் உவர். பருப்பு அவியாது, தேத்தண்ணி கறுத்துப்போகும், சவர்க்காரம் நுரைக்காது. கலியாணப் பேச்சு வந்தால்கூட முதலில் மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கேட்பார்கள். கொலனிக்கு வந்த பொழுதும், கிணறு வெட்டி முடித்த அன்றே ஒரு பிடி பருப்பை அவித்துப் பார்த்த பிறகுதான் அம்மா இந்த வீட்டை வீடு என்றாராம். ஆகவே ஐயா மாமாவுக்கு எழுதினார்: மூன்று இடத்திலும் ஒவ்வொரு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு வா.

இதைக் கேட்டுக் கொழும்புக்காரர் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஊர் முழுவதும் ஒரே பைப்புத் தண்ணீர் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

மாமா கொழும்பிலிருந்து வரும் காலைக் கோச்சியில் கிளிநொச்சி ஸ்ரேசனில் இறங்கி, அங்கிருந்து வாய்க்கால் கரையால் நடந்து வந்தார். அந்தக் கிழமைதான் முதல் மழை விழுந்திருந்தது. காற்சட்டை முழங்கால்வரை சேறு. உடம்பு மெலிந்திருந்தது. கொழும்புச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பையிலிருந்து மூன்று போத்தல்களை எடுத்து வாங்குப் பலகையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, தன் அழகான கையெழுத்தில் இடத்தின் பெயர் எழுதியிருந்தார். நாங்கள் குடியிருக்கப் போகும் ஊர் போத்தலுக்குள் நிற்கிறது.

“என்ன தம்பி, அடியில மண் கிடக்கு?” என்றார் பெரியப்பா.

“அது மண்ணில்லை அண்ணை, துரு. இரும்புப் பைப்பல்லோ. மலையிலயிருந்து வாற தண்ணி. பைப்பைத் திறந்தால் சும்மா பளிங்கு மாதிரி விழும். மீனில்லை, பாசியில்லை, ஒண்டும் கிடையாது.”

“துருவோட குடிச்சால் உடம்புக்கு இரும்புச் சத்து” என்றார் ஐயா. அவர் ஏற்கெனவே கொழும்புக்காரராகிவிட்டார்.

அம்மா குசினிக்குள் மூன்று அடுப்பும் மூட்டி, மூன்று சட்டியும் கழுவி, பருப்பை மூன்று பிடியாக அளந்து வைத்திருந்தார். முதல் போத்தலில் ஒரு மிடறு எடுத்து வாயில் வைத்தார். விழுங்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு வாசலால் மாமாவைப் பார்த்தார். மாமா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா விழுங்கினார். இரண்டாவதிலும் ஒரு மிடறு. மூன்றாவதை மோந்து பார்த்ததோடு சரி.

“பருப்பு அவிச்சால் நேரம் போயிடும். தேத்தண்ணி போட்டாலே தெரியும்” என்றார்.

எனக்கு ஆச்சரியம். மூன்று மாதமாகப் பருப்பு, பருப்பு என்று நின்றவர் அம்மாதான்.

தேத்தண்ணி மூன்று செம்பில் வந்தது. ஐயா மூன்றிலும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “எனக்கெண்டால் எல்லாம் ஒரே மாதிரித்தான் கிடக்கு” என்றார்.

“உங்களுக்கு நாக்கு எங்கை?” என்றார் அம்மா. “கொட்டாஞ்சேனைத் தண்ணிதான் தண்ணி. வேற கதை வேண்டாம். இடம் முடிஞ்சுது. இஞ்சாருங்கோ, அண்ணையிட்டச் சொல்லுங்கோ.”

அண்ணன் முகம் தொங்கிப்போனது. ஐயா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பெரியப்பா ஒரு சந்தேகப் பார்வை பார்த்தார், ஆனால் கதைத்த கதை கதைதானே, இடம் முடிந்தால் மிச்சம் இருநூறு. மடியை அவிழ்த்துச் சுருக்குப்பையை எடுத்து, பத்து ரூபாய்த் தாள்களை எச்சில் தொட்டு வாங்கில் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தாளையும் இரண்டு தரம் தடவி, இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து வைப்பார். அம்மா குசினி வாசலில் நின்றபடியே போத்தல்களில் மிஞ்சிய தண்ணீரை முற்றத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொட்டாஞ்சேனைப் போத்தல் என் கையில் இருந்தது. அதை நான் கொடுக்கவில்லை. நாங்கள் இனிக் குடிக்கப் போகும் தண்ணீர், எனக்கு இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினேன்.

துருவுக்குள் ஒன்று நகர்ந்தது.

கடுகு அளவு. கறுப்பு. கொம்பு நீட்டிக் கண்ணாடியில் ஊர்ந்தது.

நத்தை விழுங்கினால் வயிற்றுக்குள் பெருக்கும், பிறகு வாயால் வரும் என்று அண்ணன் ஒருநாள் சொல்லியிருந்தான். அம்மா இரண்டு மிடறு குடித்துவிட்டார். ஐயா மூன்று செம்பிலும் வாய் வைத்துவிட்டார். பெரியப்பா பதின்மூன்றாவது தாளை வைத்தபொழுது நான் கத்தினேன்.

“ஐயோ அம்மா, தண்ணிக்குள்ள நத்தை! எங்கட மதகில ஒட்டிக்கிடக்கிற நத்தை!”

“வாயை மூடடி” என்றார் அம்மா. அவ்வளவு மெதுவாக அவர் அதுவரை என்னோடு பேசியதில்லை.

பெரியப்பா கையை நீட்டிப் போத்தலை வாங்கினார். மிச்சத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றினார். நத்தை அவர் கையில் கிடந்தது. பெரியப்பா அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார்.

“ஏன் தம்பி, கொட்டாஞ்சேனைப் பைப்பில நத்தையும் வருதோ?”

“சிலவேளை… வரும் அண்ணை.”

“பாவம், மலையிலயிருந்து பைப்புக்குள்ளால நடந்து வந்திருக்கு. கோச்சியில வந்த உனக்கே கால் முழுக்கச் சேறு.”

சொல்லிவிட்டு அவர் மாமாவின் காற்சட்டையைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வாய்க்கால் கரைச் சேறு முழங்கால்வரைதான் இருந்தது. ஆனால் வலது சட்டைக் கை முழங்கைவரை நனைந்து காய்ந்து, செம்மண் கோடு விழுந்திருந்தது.

மாமா வாங்கிலிருந்து எழும்பினார், போக இடமில்லாமல் நிலத்தில் குந்தினார். மருதானை ஸ்ரேசனிலேயே மூன்று போத்தலையும் நிரப்பத்தான் நினைத்தாராம், அதற்குள் கோச்சி வெளிக்கிட்டுவிட்டதாம், அதனால் நடந்து வரும் வழியில் எங்கள் மதகில் அள்ளினாராம். அதைத்தான் முதலில் சொன்னார், பெரிய குற்றம் அதுதான் என்பது போல.

“அப்ப வீடு?” என்று ஐயா கேட்டார்.

“வீடு பாக்கேல்லை அத்தான்.”

“முதலாளி?”

“கடையைப் பூட்டிப்போட்டார். நீங்கள் காசு அனுப்பின கிழமை.”

“காசு?”



“மூண்டு மாசம் சாப்பிட்டனான், அத்தான்.”

ஐயாவின் வாய் சிரித்த மாதிரியே நின்றது. அந்தச் சிரிப்பை எடுக்க அவருக்கு மறந்துபோய்விட்டது. நான் அதற்குப் பிறகு செத்த வீடுகள் கண்டிருக்கிறேன், வெள்ளம் கண்டிருக்கிறேன். அந்த முகத்தைப் போல என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்றும் இல்லை. அண்ணன் மாமாவைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தான். நான் அம்மாவிடம் ஓடினேன். இவ்வளவு பெரிய பொய்யைக் கண்டுபிடித்தவள் நான். அம்மா என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன்.

அம்மா என் கன்னத்தில் அறைந்தார்.

அதற்கு முன் அம்மா என்னை அடித்ததில்லை. காது கூவியது. வலிக்கவில்லை. வலிக்கும் அளவுக்கு எனக்கு நினைவு இருக்கவில்லை. பொய் சொன்னது மாமா. காசைத் தின்றது மாமா. அடி எனக்கு. நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு, இதில் எங்கேயோ பிழை நடந்துவிட்டது, யாராவது இப்போது திருத்துவார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

பெரியப்பா பதின்மூன்று தாளையும் திரும்பப் பொறுக்கினார். வைத்ததைவிட வேகமாகப் பொறுக்கினார்.

“அண்ணை, வயல்…” என்றார் ஐயா.

“வயலுக்கென்ன? கதைச்சது கதைச்சதுதான். இருநூறு தந்திட்டன், நாளைக்கு உழவு. மிச்சத்துக்கு நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. கொழும்பில இடம் முடிவாகிற அண்டைக்கு வா, எண்ணித் தாறன்.”

அந்த மாரி விதைப்புக்கு, காலபோகத்துக்கு, மழை அளந்து பெய்தது. அப்படி ஒரு விளைச்சலை உருத்திரபுரம் பிறகு கனகாலம் காணவில்லை. எங்கள் வயலில் நாங்களே கூலிக்குக் களை பிடுங்கினோம். ஐயா, அம்மா, அண்ணன், மாமா, நான். மாமாவோடு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, பேசவும் இல்லை. மதியம் அம்மா எல்லோருக்கும் போல அவருக்கும் சோறு போட்டார். ஆள் காணாதென்று பள்ளிக்கு விடாமல் என்னை மறித்தார்கள். களை முடிந்ததும் நெல் அரிவு வெட்டு வந்தது. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

தன் தம்பியைச் சபையில் காட்டிக் கொடுத்ததற்காக அம்மா அடித்தார் என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அதில் எனக்கு அம்மாமேல் கோபமும் இருந்தது. எனக்கு நாற்பது வயதானபோது ஒருநாள் ஐயா வேறு ஏதோ கதையில் சொன்னார்: கொலனிக்கு வந்த முதல் வருஷம், கிணறு வெட்டுமுன், என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அம்மா அந்த மதகில்தான் குடிதண்ணீர் அள்ளினாராம். ஒரு வருஷம் முழுக்க, நாளுக்கு நாலு குடம். அந்தத் தண்ணீரை அம்மாவின் நாக்குக்குத் தெரியாமலா போகும்? முதல் மிடறிலேயே தெரிந்திருக்கிறது. வேலையில்லை, வீடில்லை, அனுப்பிய காசில்லை, எல்லாம் அந்த ஒரு மிடறில் தெரிந்திருக்கிறது. அதை விழுங்கிவிட்டுத்தான், பருப்பு அவியும் நேரத்தைக்கூட மிச்சம் பிடித்து, இடம் முடிந்தது என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா இன்னும் ஏழு தாள் எண்ணினால் போதும். அதற்குப் பிறகு அம்மா தன் தம்பியைக் கொன்றிருப்பாரோ என்னவோ, தெரியாது.

நான் இப்படி விளங்கிக்கொண்டது சரியா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. கேட்க அம்மா இல்லை. பெரியப்பாவும் இல்லை. மிச்சக் காசை அவர் ஒருநாளும் இல்லையென்று சொல்லவில்லை. கலியாண வீடுகளில் கண்டால், “என்னடி பிள்ளை, கொழும்பில எந்த இடம் எண்டு முடிவாச்சோ?” என்று எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக விசாரிப்பார். இன்னும் முடிவாகவில்லை. அந்த வகையில் எங்களுக்கு வரவேண்டியது இருநூறு ரூபாய்.