பழைய சிப்பும் புதுப் போர்டும்

தம்பி டிப்ளமோவில் ப்ராஜெக்டுக்காகச் செய்த பெட்டியைக் கடைசியில் எங்கள் பம்புசெட்டு அறையில்தான் மாட்டினான். சாலவாக்கம் பக்கத்தில் எங்கள் கழனி. த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும் என்று கரண்டு ஆபீஸ்காரனுக்கே தெரியாத காலம். கரண்டு வந்ததும் பெட்டி ஒரு பழைய ஸ்கூட்டர் ஹாரனை அடிக்கும். இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக. சின்ன வயதில் வரப்பில் நின்று நைனாவை, அதாவது எங்கள் அப்பாவை, கூப்பிட அவன் அடித்த விசில் அதுதான். நைனா எங்கிருந்தாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் போட ஓடுவார்.

மாட்டிய வருடமே லாரி மோதித் தம்பி போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் கழனியில் ஹாரன் அடித்தது. நாங்களெல்லாம் அழுதோம். நைனா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கூப்புடறான்" என்று கிளம்பினார். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான். செத்தான் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. தடுக்கவும் மனசு வரவில்லை. அந்தச் சத்தம்தான் மனுஷனை நடமாட வைத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் இடி விழுந்தது. ஹாரன் நின்றுபோனது. நைனா சோற்றைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். நான் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். பச்சைப் போர்டின் நடுவில் மரவட்டை மாதிரி கால்களோடு ஒரு கறுப்புச் சிப். "மூள இதாம்மா. இது போய்க்கீது" என்று கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டு, அதே நம்பர் போட்ட புதுச் சிப்பைச் சொருகினார். சத்தம் வரவில்லை. "அப்ப போர்டே வேஸ்ட்டு" என்று கையை விரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியது தான? எதுக்குப் பிரிச்சிப் போட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன். பழைய சிப்பை வாங்கி மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். தம்பி கை பட்டது, அவ்வளவுதான் காரணம்.

தம்பியோடு படித்தவன், உத்திரமேரூர் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டுப் பிள்ளை. தம்பியைப் போலவே அவனும் எங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "பழைய சிப்பு எங்கக்கா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"போர்டு வேற, சிப்பு வேறக்கா. சிப்புக்கு ஏத்த மாதிரி கரண்டக் கொறச்சித் தர்றது, தாளம் போட்றது, ஒயர் மாட்ற எடம், எல்லாம் சேந்தது தான் போர்டு. அது இல்லாம சிப்பு தனியா ஒண்ணும் பண்ணாது. ஆனா அவன் எழுதன புரோகிராம் பூரா சிப்புக்குள்ள தான் கீது. கடையில விக்கிற புதுச் சிப்பு வெறும் சிலேட்டு."

புதுப் போர்டு வாங்கிவந்து பழைய சிப்பைச் சொருகிக் கரண்டு கொடுத்தான். எங்கள் கூடத்திலேயே ஹாரன் அடித்தது. இரண்டு சின்னது, ஒன்று நீளம். படுத்திருந்த நைனா எழுந்து வந்தார்.

"போர்டு தான் போச்சா? அவன் கீறானா?"

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு, "கீறான் நைனா" என்றான்.

சிப்புக்குள் இருப்பதை இன்னொரு காப்பி எடுத்துத் தரச் சொன்னேன். முடியாதாம். யாரும் காப்பி அடிக்கக் கூடாதென்று தம்பி அதற்குள் பூட்டுப் போட்டுவைத்திருக்கிறான், படுபாவி. எழுதிவைத்த கம்ப்யூட்டரையும் கல்லூரியில் எப்போதோ துடைத்துவிட்டார்களாம். ஆக, உலகத்தில் அது ஒன்றுதான்.

"வூட்லயே பத்திரமா வெச்சிக்கலாம் நைனா. மறுபடி இடி வுழுந்தா இன்னா பண்றது?" என்றேன்.

"வூட்ல பூட்டி வெச்சா அவன் எப்பிடி கூப்புடுவான்?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார்.

சில வருடங்கள் கூப்பிட்டான். பிறகு ஒரு மழைக்காலத்தில் மறுபடியும் சத்தம் நின்றது. அந்தப் பிள்ளை இன்னொரு போர்டோடு வந்து ரொம்ப நேரம் பார்த்தான். நைனா எதிரில் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற போர்டுல மாட்டிப் பாத்தியாப்பா?"

"பாத்துட்டேன் நைனா. இந்த வாட்டி போர்டு நல்லா தான் கீது. சிப்பு போய்டுச்சி."

நைனா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். அன்றைக்குத்தான் சேதி வந்ததுபோல என்னைப் பார்த்து, "எம்புள்ள செத்துட்டாம்மா" என்றார்.