மோதிர விரலும் இருபது நிமிஷத் தண்ணீரும்

இஸ்திரிப் பெட்டியின் சூட்டை அறிய இரண்டு வழிகள் உண்டு. பெட்டியில் இருக்கும் திருகைப் பார்ப்பது ஒன்று. அது சாதாரண மனிதர்கள் செய்வது. விரலை நாக்கில் தொட்டு, பெட்டியின் அடித்தகட்டை ஒரு கணம் தட்டுவது இன்னொன்று. 'ஸ்ஸ்ஸ்' என்றால் பருத்தி, 'ஸ்' என்றால் பட்டு, சத்தமே வராவிட்டால் கரண்ட் போய்விட்டது. இது மேதைகளின் வழி.

பெட்டியக்கா மேதை. பத்தொன்பது வருடமாகச் சலவைக் கடையின் பின்னறையில் நின்றே தேய்த்தவர். கோர்ட்டில் கடித்துக் குதறிக்கொண்ட இரண்டு வக்கீல்களின் கோட்டுகள் அவர் மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சமாதானமாகப் படுத்திருக்கும். முன்பக்கக் கவுண்டர் அவர் கணவருடையது. துணி வாங்கி எண் சீட்டுத் தைப்பதும், கொடுக்கும்போது ஒரு நூல் இழுபடாமல் அதைப் பிரிப்பதும் அவர் வேலை. ரசீது இல்லாமல் தன் சட்டையைக்கூடத் தனக்குத் தரமாட்டார். மாடியில் குடியிருந்த கணவரின் தங்கை வைத்தியத் துறையைப் பார்த்துக்கொண்டார். சூட்டுக்காயம் எதுவானாலும் பற்பசை. ஒருமுறை பெட்டியக்காவின் முழங்கையில் அப்படிப் பூசி, கிளினிக் நர்ஸ் அதைக் கழுவி எடுத்தபோது, சுட்டதைவிட வைத்தியம் அதிகம் வலித்தது.

அந்த வாரம் கணவர் புதிதாக நீராவிப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார்.

"இதைத் தட்டிப் பாக்காத. எல்லாம் தானா தெரியும்" என்றார்.

பெட்டியக்கா சரி என்று தலையாட்டினார். கணவர் முன்பக்கம் போனதும் இடது கை விரலை நனைத்து, பெட்டியைப் புரட்டித் தட்டினார். புரட்டிய வேகத்தில் வலது கட்டைவிரல் நீராவிப் பொத்தானில் பதிந்தது. தகட்டின் துளைகள் அத்தனையும் ஒரே மூச்சில் சீறின. குற்றம் செய்த ஆள்காட்டி விரல் தப்பித்தது. ஒன்றுமறியாமல் பக்கத்தில் மடங்கிக் கிடந்த மோதிர விரலும் சுண்டு விரலும் மாட்டிக்கொண்டன. உலக வழக்கம்தான்.

பெட்டியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். தண்ணீரை மெல்லத் திறந்து கையைக் காட்டியபோதுதான் கவனித்தார். இருபத்திரண்டு வருடக் கல்யாண மோதிரம். ஏற்கெனவே இறுக்கம். விரலோ கண்ணெதிரே உப்பிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" கணவர் ஓடிவந்தார்.

"நீங்க வாங்கின பெட்டி நல்லா வேலை செய்யுது. கடிகாரத்தப் பாருங்க. இருபது நிமிஷம்."

அதற்குள் நாத்தனார் பற்பசையோடு இறங்கி வந்துவிட்டார். "கையக் கொடுங்க அண்ணி. ஒரு பூச்சு, அவ்வளவுதான்."

"கைக்குப் பல்லு முளைச்சா சொல்லியனுப்புறேன். இப்ப அதை அங்கிட்டு வை."

"அப்ப ஐஸாவது வைக்கலாமே" என்றார் கணவர்.

"வெந்த தோல் அதையும் தாங்காது. சாதாத் தண்ணிதான்னு அன்னிக்கே நர்ஸ் சொன்னாங்கல்ல? இந்த மோதிரத்தக் கழட்டுங்க. வீங்கிட்டா வராது."

கணவர் அசையவில்லை. பெண்டாட்டி மோதிரம் கழன்றால் புருஷனுக்கு ஆகாது என்று அவருடைய அம்மா கல்யாணத்தன்றே சொல்லியிருந்தார். இதுவரை தனக்கு மூன்றே தடவை சளி பிடித்ததற்கு அந்த மோதிரமே காரணம் என்பது அவர் கணக்கு.

"கழட்டினா எனக்கு ஆகாதுன்னு அம்மா..."

"கழட்டலேன்னா என் விரலுக்கு ஆகாது. ரெண்டுல எது வசதின்னு சீக்கிரம் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துக் குழாய் இளைத்தது. முன்பக்கம் பெரிய சலவை இயந்திரம் லாட்ஜின் நாற்பது படுக்கை விரிப்புகளை அலச, தொட்டியில் மிச்சமிருந்ததை உறிஞ்சத் தொடங்கியிருந்தது. ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. தண்ணீர் நூலாகி, சொட்டாகியது. எரிச்சல் திரும்பி வந்தது. மோதிரத்தின் இருபுறமும் சதை மேடாகியது.

"அண்ணே, லாட்ஜ்காரன் நாலு மணிக்கு வந்து நிப்பான்" என்றார் நாத்தனார்.

கணவர் இயந்திரத்தைப் பார்த்தார். சோப்பு நுரையில் கிடந்த நாற்பது விரிப்புகளைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பெட்டியக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, சொட்டுக்கு அடியில் விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்படி அவர் உதட்டைக் கடித்துக் கணவர் பார்த்ததே இல்லை.

போய் இயந்திரத்தை நிறுத்தினார். குழாய் இருமி, மறுபடி ஒழுகியது.

"சோப்புப் போடவா?"

"வெந்த இடத்துலயா? தண்ணியிலயே திருகுங்க. இழுக்காதீங்க."

நாத்தனார் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கணவர் எண் சீட்டுப் பிரிக்கும் விரல்களால் மோதிரத்தை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். மூட்டில் வந்து நின்றது. அவர் நெற்றி வியர்வை பெட்டியக்காவின் கையில் சொட்டியது.

"கண்ண மூடிக்கவா?"

"வலி எனக்கு. கண்ண மூடுறது நீங்களா? திருகுங்க."

இன்னொரு திருகு. மோதிரம் மூட்டைத் தாண்டிக் கணவரின் உள்ளங்கையில் விழுந்தது. அவர் முதலில் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்தது, சற்று வேகமாக.

மீதி நிமிடங்களைப் பெட்டியக்கா விடாமல் வாங்கிக்கொண்டார். கொப்புளம் ஒன்று எழும்பியது. நாத்தனார் ஊக்கை எடுத்தார். "குத்தி விடட்டா அண்ணி?"

"அத உன் முந்தானையில குத்திக்கோ."

யாரும் வாங்க வராத, துவைத்து மடித்த கைக்குட்டை ஒன்றை மேலே தளர்வாகப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்கள். நர்ஸ் ஒட்டாத துணி வைத்துக் கட்டினார். கொப்புளத்தை உடைக்க வேண்டாம், சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள் என்றார். பிறகு, விரலில் பதிந்திருந்த மோதிரத் தடத்தைப் பார்த்தார்.

"நல்லவேளை கழட்டினீங்க. இல்லாட்டி ரத்தம் ஓடாம விரல் நீலமாயிருக்கும்."

நாலு மணிக்கு வந்த லாட்ஜ்காரரைக் கணவரே நாளை வரச் சொன்னார். கடை வரலாற்றில் முதல்முறை. பிறகு மோதிரத்துக்கு எண் சீட்டுக் கட்டி இழுப்பறையில் வைத்தார்.

"ரசீது?" என்றார் பெட்டியக்கா.

"உனக்கு எதுக்கு ரசீது?"

"ரசீது இல்லாம நீங்க தரமாட்டீங்களே."

அவர் ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: மோதிரம் ஒன்று. திரும்பப் பெறும் நாள்: வீக்கம் வடிந்த பின். கையெழுத்துப் போட்டு நீட்டும்போது பலமாகத் தும்மினார்.

இருவரும் இழுப்பறையைப் பார்த்தார்கள்.