வடக்கு எந்தப் பக்கம்?

சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்து, காலை நாளிதழின் கேலிச்சித்திரத்துக்கு மதிப்பெண் போடுகிறார் வரலாற்று டீச்சர். பத்துக்கு ஆறு. "தாடிக்காரன் எந்த நாட்டுக்காரன்னு எழுதவே இல்ல. ஒட்டகத்துமேல உட்கார வெச்சா மட்டும் ஆள் தெரிஞ்சிடுமா?" என்று, ஓவியர் எதிரில் கைகட்டி நிற்பதுபோல் அதட்டுகிறார். அதன் பிறகுதான் பல் துலக்கப் போவார்.

உலகமே அவருக்குத் திருத்த வேண்டிய விடைத்தாள். ரத்த அழுத்தம் ஏறியதை டாக்டர் ஒரு வரைபடமாகக் காட்டினார். "குத்துக்கோட்டுல என்ன அளவுன்னே போடலையே டாக்டர். நான் எதை நம்பி மாத்திரை முழுங்கறது?" என்று கேட்டுவிட்டார். டாக்டருடைய அழுத்தம்தான் அன்றைக்கு ஏறியது.

எதைப் பொறுத்தாலும், வடக்கைக் காட்டும் அம்பு இல்லாத வரைபடத்தை அவர் பொறுக்கமாட்டார். மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும் முட்டைதான். பழைய தோழி ஒருத்தி கல்யாண அழைப்பிதழின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி வரைந்து அனுப்பியிருந்தாள். அம்பு இல்லை. திருத்தி அனுப்பினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார் டீச்சர். அந்தத் தம்பதிக்கு இப்போது குழந்தையே பிறந்துவிட்டது.

இப்படிப்பட்ட மனுஷியோடு ஒரே கூரையின்கீழ் யார் குப்பை கொட்டுவார்கள் என்று கேட்கலாம். அவருடைய ஓரகத்தி கொட்டினாள், அதுவும் ஆசையாக. கணவரின் தம்பி மனைவி அவள். சாயங்காலம் டீச்சர் வந்ததும் இருவரும் தேநீரோடு கூடத்தில் உட்கார்ந்து பழைய கேலிச்சித்திரங்களுக்குப் பொருள் சொல்வார்கள். டீச்சருக்கு நாள் முழுவதிலும் அந்த நேரம்தான் நாள்.

ஒருநாள், நாலு ராஜாக்கள் மேசையைச் சுற்றி நின்று உலக உருண்டையைக் கேக் மாதிரி வெட்டும் படம்.

"கத்தி வெச்சிருக்கறவர் மூஞ்சி அப்படியே நம்ம மாமா மாதிரி இல்லக்கா?" என்றாள் சின்னவள். மாமா என்றது டீச்சரின் கணவரை.

"மூஞ்சிய விடு. படத்துல இல்லாதது யாருன்னு பாரு. அதான் முதல் கேள்வி."

சின்னவள் யோசித்தாள். "அந்தக் கேக்குல குடியிருக்கறவங்க?"

பத்துக்குப் பத்து கொடுத்தார் டீச்சர். அவர் அப்படிக் கொடுத்ததை அந்தக் கூடத்துக்கு வெளியே யாரும் பார்த்ததில்லை.

அந்தக் கூடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. மின்விசிறி ஐந்தில் ஓட வேண்டும் என்றார் அண்ணன், அதாவது டீச்சரின் கணவர். மூன்றில் என்றார் தம்பி. அந்தச் சண்டையை டீச்சர் கோட்டுப்படமாகவே வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, "இது இப்படியே ஏறினா அடுத்தது போர்தான்" என்று எச்சரித்தார். இரண்டு நாடுகளும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, கூடத்துக்குக் குறுக்கே சுவர் எழுப்பி, தெருப்பாதி ஒருவருக்கு, சந்துப்பாதி ஒருவருக்கு என்று முடிவு செய்தார்கள். யாருக்கு எது என்பதில்தான் அடுத்த சண்டை. மேசையருகே பெண்கள் யாரும் இல்லை.

"அண்ணி வரையட்டும். அவங்க வரையறதுதான் கடைசி. மாத்தவே கூடாது" என்றார் தம்பி.

"நானும் வாயத் திறக்கமாட்டேன்" என்றார் அண்ணன்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்று, கூப்பிட்ட குரலுக்கு வந்த டீச்சர் வெற்றுத்தாளை நீட்டியதும் கூடவே வந்த சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்களே கோடு போடக் கிளம்பிட்டீங்களாக்கா?"

டீச்சர் பென்சிலைச் சீவினார்.

மறுநாள் மேஸ்திரி வந்து படத்தை விரித்தார். அளவு சுத்தம். குறி விளக்கம் சுத்தம்: சிவப்பு அண்ணனுக்கு, நீலம் தம்பிக்கு. ஆனால் அந்த வீடு முன்னும் பின்னும் ஒரே அச்சு. இந்தக் கோடியில் ஒரு கதவு, இரண்டு அறை. அந்தக் கோடியிலும் அதே கதவு, அதே இரண்டு அறை. மேஸ்திரி தாளை ஒரு சுற்று சுற்றினார். பிறகு தாளை வைத்துவிட்டுத் தானே அதைச் சுற்றி வந்தார்.

"டீச்சரம்மா, இதுல தெரு எந்தப் பக்கம்?"

"சிவப்புப் பக்கம்" என்றார் அண்ணன்.

"தாளைத் தலைகீழா பிடிச்சா தெரு நீலப் பக்கம்!" என்று தம்பி பிடுங்கித் திருப்பினார்.

அப்போதுதான் அண்ணனுக்கு உறைத்தது. "வடக்கு எங்க? நீயா வடக்கு போடாம விட்டே?" பென்சிலை மனைவியிடம் நீட்டினார். "ஒரு அம்புதானே, போட்டுடு."

"தாளைக் கொடுத்தப்புறம் யாரும் கை வைக்கக்கூடாது. பரீட்சை விதி."

"அப்ப புதுசா ஒண்ணு வரை!"

"இதுதான் கடைசின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க, ரெண்டு பேரும்."

மேஸ்திரி அளவுநாடாவைச் சுருட்டினார். "வடக்கு எதுன்னு முடிவானதும் கூப்பிடுங்க" என்று சைக்கிளை எடுத்தார். அண்ணனும் தம்பியும் மின்விசிறிக்கடியில் தாளின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தபடி நின்றார்கள்.

சின்னவள் அடுக்களை வாசலிலிருந்து டீச்சரையே பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

டீச்சர் இருவர் கையிலிருந்தும் தாளை வாங்கி மேசையில் வைத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். தன் படத்தின் மூலையில், நிதானமாக, பெரிதாக, ஒரு முட்டை போட்டு அடிக்கோடிட்டார்.