மண் எடுத்த இடத்துக் கீரை

ஓசூருக்கு வெளியே, பாகலூர் போகும் வழியில், புது வார்டு அலுவலகம் கட்ட ஒரு காலி மனையை ஒதுக்கியிருந்தார்கள். கட்டுவதற்கு முன் அந்த மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதித்துச் சொல்லும் வேலை எங்கள் லேபுக்கு வந்தது. மாதிரி எடுக்கப் போனவன் நான். முன்பு அங்கே இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்து மூடிப்போயிருந்தது.

மனையின் ஓரத்தில் ஒரு அக்கா கீரை போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். அங்கிருந்த பழைய கிணற்றில்தான் தண்ணீர் இறைத்து ஊற்றுவார்.

மூன்றாவது குழியில் கொஞ்சம் ஆழம் போனதும் மண் மஞ்சளாக வந்தது, பச்சை கலந்த மஞ்சள். அந்த நிறத்தை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். பட்டறைக் கழிவில் வரும் குரோமிய விஷமாகத்தான் இருக்கும். பாட்டிலில் அடைத்து ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு மேலதிகாரிக்கு போன் செய்தேன்.

"ரிப்போர்ட் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் திறக்காத" என்றார்.

கிளம்பும்போது அந்த அக்கா ஒரு கட்டு அரைக்கீரையை நீட்டினார். "காலையில இருந்து வெயில்ல நிக்கறீங்க சார். வீட்ல கடைஞ்சு சாப்பிடுங்க."

வாங்கிக்கொண்டேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்த குப்பைத் தொட்டியருகே வண்டியை நிறுத்தி, அதில் போட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் மீதிக் குழிகளைத் தோண்டும்போது அந்த அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "கட்டு குப்பையில கெடந்துச்சு சார். என் பழைய சேலையக் கிழிச்சுதான் கட்டுவேன், பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. புடிக்கலன்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்."

"வண்டியில இருந்து விழுந்திருக்கும்க்கா. யாராவது எடுத்துப் போட்டிருப்பாங்க."

நம்பிவிட்டார். முகம் தெளிந்து, இந்த முறை இரண்டு கட்டாகக் கொடுத்தார். "மக பிரசவத்துக்கு வந்திருக்கா. அவளுக்கும் தினம் இதுதான்" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நாள் இதைச் சாப்பிடாதீர்கள் என்றால் போதும், ரிப்போர்ட் எதுவும் தேவையில்லை. மேலதிகாரி சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. உண்மை அதைவிட மோசம். சொன்னால், நேற்று கீரையை எறிந்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இரண்டு கட்டையும் ஊர் தாண்டி எறிந்தேன்.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. மண்ணில் மட்டுமல்ல, கிணற்றுத் தண்ணீரிலும் குரோமியம் இருந்தது. அன்றே போய் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இன்னைக்குத்தான் ரிப்போர்ட் வந்துச்சுக்கா."

"நான் ரிப்போர்ட்டக் கேக்கல சார்."

குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த வாரம் கூடுதல் மாதிரி எடுக்கப் போனபோது, கீரையை வேரோடு பிடுங்கிக் கோணியில் திணித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க சார்" என்றார், தலை நிமிராமல்.

போய் என் வேலையைப் பார்த்தேன்.

பிறகு கெட்ட மண்ணை லாரிகளில் அள்ளிப் போனார்கள். கிணற்றை மூடினார்கள். கட்டடமும் எழும்பிவிட்டது. அந்த அக்காவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாக எதிர் டீக்கடையில் சொன்னார்கள். இருவரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்க நினைத்தேன். டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.