தனித்து நின்றால் விற்காது

2019 மார்ச் 11: பழைய கணினி மூன்று, ரூ. 126,000
2019 மார்ச் 28: மின்கலமும் இணைப்புச் சாமான்களும், ரூ. 74,500
2020 ஆகஸ்ட் 17: இரண்டு தடவை விற்கப்பட்ட மிளகு, 38 மூட்டை
2024 டிசம்பர் 10: விற்க மறுக்கப்பட்ட மிளகு, 210 மூட்டை
2025 ஜனவரி 26: ஆதரவு 131, எதிர்ப்பு 118

சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் மஸீனாவைப் பற்றிக் கிடைப்பது இவ்வளவுதான். அவருடைய பெயர்கூட இல்லை. அறிக்கைகள் அப்படியே இருக்கட்டும். அவை விட்டதை நான் எழுதுகிறேன். அந்த ஆண்டுகளில் நான் அந்தச் சங்கத்தின் கணக்குப் பரிசோதகன். இங்கே சொல்வதெல்லாம் நான் கண்டது, அல்லது இரண்டு பேரிடமாவது கேட்டு ஒத்துப்பார்த்தது.

எங்கள் மிளகு உற்பத்தியாளர் சங்கத்துக்கு உக்குவளை, மாத்தளை, தம்புள்ளை ஆகிய மூன்று ஊர்களில் ஸ்டோர் உண்டு. உறுப்பினர் ஒருவர் தன் மூட்டைகளை மாத்தளையில் வைத்துவிட்டுத் தம்புள்ளையில் நின்று விற்கச் சொல்லலாம். விலை பிடிக்காவிட்டால் “என் மிளகைத் தொடாதே” என்று எந்த வாசலிலும் சொல்லிவைக்கலாம். சங்கத்தின் வசதி அதுதான். தலைவலியும் அதுதான். ஓர் ஊரில் சொன்னது மற்ற இரண்டு ஊர்களுக்கும் உடனே தெரிந்தாக வேண்டும்.

மஸீனா உக்குவளைக்காரர். புகையிரத நிலையத்துக்குப் பின்னால் வீடு. கண்டியில் கணினி படித்து, கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் ஆறு வருடம் இருந்தார். உம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டு ஊருக்கு வந்தார். கணவர் ரிஸ்வி சீகிரியாவில் வெள்ளைக்காரர்களை ஏற்றித் திரியும் திரீவீலர்காரர். சங்கம் மஸீனாவை வேலைக்கு எடுத்தபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. குரல் பெரியது. யாருக்காகவும் அதைக் குறைத்ததில்லை.

கணினிகள் வந்து இறங்கிய நாளில் சங்கத் தலைவர் நளீம் ஹாஜியார் மூன்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“இதுல எது பெரிய மெஷின், மஸீனா?”

“பெரிசும் இல்ல, சின்னதும் இல்ல ஹாஜியார். மூணும் ஒண்ணு.”

“அப்ப இதுகளுக்கு யாரு தலைவர்?”

“தலைவருக்குத்தான் நீங்க ஈக்கிறீங்களே. மெஷினுக்கு என்னத்துக்கு?”

ஹாஜியார் சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

மூன்று ஊர்களில் இருந்தாலும் அவை ஒரே கணினிபோல நடக்க வேண்டும் என்பதே மஸீனாவின் எண்ணம். எந்த ஸ்டோருக்குள் நுழைந்தாலும் ஒரே பதில் கிடைக்க வேண்டும். ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் வேலையை நிறுத்தக் கூடாது. பழுதானது எழுந்து வரும்போது, தான் இல்லாத நேரத்தில் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எது முதலில் நடந்தது என்று பார்க்கக் கணினியின் கடிகாரத்தை அவர் நம்பவில்லை. “மூணு கடிகாரம் மூணு நேரம் காட்டும் ஐயா. நேரத்தைக் கேட்டா சண்டதான் வரும். வரிசை நம்பரக் கேளுங்க” என்று என்னிடம் சொன்னார். நான் அதுவரை நேரத்தைப் பார்த்தே கணக்குச் சோதித்தவன். பிறகு நம்பருக்கு மாறினேன்.

முதல் ஆண்டு குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் அந்த முப்பத்தெட்டு மூட்டை வந்தது.

அதற்குக் காரணம் ஒரு சொல். கணினிக்கு முன்பு தொலைபேசியில்தான் தகவல் போகும். “முப்பது மூட்டை வித்தாச்சு” என்று மாத்தளை சொல்லும். “சரி” என்று தம்புள்ளை சொல்லும். அந்தச் சரிக்கு ‘கேட்டது’ என்று பொருள். ‘எழுதிவிட்டேன்’ என்று பொருளில்லை. சில நாள் ‘கேட்டது’ என்றும் பொருளில்லை. சிங்களத்தில் ‘ஹரி’ என்றாலும் இதே கதைதான். மஸீனாவும் இந்த ஊரில் பிறந்தவர்தானே? ஒரு கணினி மற்றதற்குச் செய்தி அனுப்பினால் அது ‘சரி’ என்று பதில் தரும்படி செய்திருந்தார். செய்தி வந்து சேர்ந்தவுடனே அது சரி என்றது. எழுதி முடித்த பிறகு அல்ல.

அன்று மாத்தளை முப்பத்தெட்டு மூட்டையை விற்றது. தம்புள்ளை சரி என்றது. எழுதுவதற்குள் கரண்ட் போனது, மின்கலமும் கைவிட்டது. திரும்ப எழுந்த கணினிக்கு ஒன்றும் நினைவில்லை. அதே முப்பத்தெட்டு மூட்டையைத் தம்புள்ளையும் விற்றது.

இரண்டாவது வியாபாரிக்குக் கொடுக்க மூட்டை வேண்டுமே? விற்க வேண்டாம் என்று சொல்லிவைத்தவர்களின் மிளகில் கை வைத்தார்கள். மாத்தளை, களுதாவளைப் பேச்சியம்மா என்ற உறுப்பினரின் ஒன்பது மூட்டை அதில் போனது. நல்ல விலை வரட்டும் என்று பதினாறு மாதம் காத்து வைத்த மிளகு. அவர் மாத்தளை ஸ்டோருக்கு வந்து நின்ற நாளில் நானும் இருந்தேன்.

“என் மெளகு எங்கங்க?”

“அன்றைய விலைக்குக் காசு போட்டிருக்கோமே அம்மா” என்றார் ஹாஜியார்.

“நான் காசா கேட்டேன்? மெளகத்தானே கேட்டேன்!”

அடுத்த வருடம் மிளகு விலை கூரையைத் தொட்டது.

மஸீனா அன்று வாய் திறக்கவில்லை. அவரை அப்படிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு மூன்று வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினார். சரி என்ற சொல் போயிற்று. அதன் இடத்தில் இரண்டு சொற்கள் வந்தன: ‘கிடைத்தது’, ‘எழுதியாயிற்று’. மூன்றில் இரண்டு கணினிகள் ‘எழுதியாயிற்று’ என்று சொன்னால் மட்டுமே விற்பனைக்கு நம்பர் விழும். மற்ற இரண்டோடும் தொடர்பு அறுந்து தனித்து நிற்கும் கணினி, எத்தனை மூட்டை முன்னால் கிடந்தாலும், விற்காது. நம்பர் இல்லாமல் ஒரு மூட்டைகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சங்கமும் விதி எழுதியது. அதை முன்மொழிந்தவர் நளீம் ஹாஜியார்தான். குறிப்பில் இருக்கிறது.

“எங்க வீட்டுலயும் இதே சட்டம்தான்” என்பார் ரிஸ்வி. “நானும் மாமியும் சேர்ந்து கேட்டாத்தான் சோறு வரும். ஒரு ஆள் கேட்டா வராது.”

நான்கு ஆண்டுகள் ஒரு மூட்டை தவறவில்லை.

2024 டிசம்பரில் மழை விடாமல் கொட்டியது. தம்புள்ளையில் மின்கலம் மாற்றப் போன மஸீனா திரும்ப முடியாமல் அங்கேயே தங்கினார். பத்தாம் தேதி, மாத்தளைக்குப் போகும் வழியில் நாலந்தைப் பக்கம் மரங்கள் சாய்ந்து கேபிள் அறுந்தது. மாத்தளைக்கும் உக்குவளைக்கும் கைப்பேசியும் எடுக்கவில்லை. அந்தப் பக்கப் பாதையும் அடைப்பு. தம்புள்ளைக் கணினி தனித்து நின்றது.

அன்றைக்குப் பார்த்துக் குருணாகலிலிருந்து ஒரு கொள்வனவாளர் இரண்டு லொறியோடு வந்தார். இருநூற்றுப் பத்து மூட்டை வேண்டும், கிலோவுக்கு அறுபது ரூபாய் கூடத் தருகிறேன், இன்றைக்கே ஏற்ற வேண்டும் என்றார். ஸ்டோர் பொறுப்பாளர் இப்திகார் விசையைத் தட்டினார். ‘தனித்து நிற்கிறேன். விற்க முடியாது’ என்று திரையில் வந்தது.

நளீம் ஹாஜியார் தம்புள்ளையில்தான் கடை வைத்திருக்கிறார். அவருக்கு ஆள் போனது. நனைந்துகொண்டே வந்தார்.

“மெஷின் கெடக்கட்டும். மூட்டைய ஏத்து இப்திகார்.”

“நம்பர் இல்லாம ஏத்தினா என் தல போகும் ஹாஜியார். நீங்க போட்ட சட்டம்.”

ஹாஜியார் மஸீனாவின் பக்கம் திரும்பினார். “நீ செஞ்சதுதானே? தொறக்க ஏலாதா?”

“ஏலும். ஒரு வரிய மாத்தினாப் போதும்.”

“அப்ப மாத்து.”

“மாத்த மாட்டன்.”

“மிளகு கண்ணுக்கு முன்னால ஈக்கிது புள்ள!”

“மிளகு ஈக்கிது. அது இன்னம் விக்கிறதுக்கு ஈக்கிற மிளகாண்டு உங்களுக்குத் தெரியுமா? காலைல உக்குவளைல யாராச்சும் ‘தொடாதே’ண்டு சொல்லியிருந்தா? மாத்தளைல வித்திருந்தா? எனக்குத் தெரியாது. மெஷினுக்கும் தெரியாது. தெரியாதுண்டு அது ஒத்துக்கொள்ளுது. நாங்கதான் ஒத்துக்கொள்றல்ல.”

கொள்வனவாளர் சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டார். கணினிக்கும் இந்த அம்மாவுக்கும் சொந்தமா என்று கேட்டாராம். நாலு மணி வரை இருந்து பிளேன்டீ குடித்துவிட்டு, வெறும் லொறியோடு வேறு கடைக்குப் போனார்.

இரண்டு நாளில் கேபிள் சரியானது. தம்புள்ளைக் கணினி மற்ற இரண்டையும் கேட்டு, விட்டதை எழுதிக்கொண்டது. எழுதுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. பத்தாம் தேதி மாத்தளையிலும் உக்குவளையிலும் யாரும் விற்கவில்லை, யாரும் தடுத்துவைக்கவும் இல்லை. அந்த இருநூற்றுப் பத்து மூட்டையையும் தாராளமாக விற்றிருக்கலாம். பதிவைத் தாளில் எடுத்து ஹாஜியாருக்குக் கொடுத்தவன் நான்தான். உள்ளது உள்ளபடி இருந்தது. கொடுத்தேன்.

ஹாஜியார் அதை மஸீனாவின் மேசையில் வைத்தார். “பாத்தியா? ஒண்ணுமே நடக்கல்ல.”

“நடக்கல்லண்டு இண்டக்கித் தெரியும். அண்டக்கித் தெரியாது. தெரியாம வித்திருந்தா அது யாவாரம் இல்ல ஹாஜியார், சூது. அதுவும் மத்தவன்ட மிளக வச்சி.”

“நஷ்டம்?”

“நஷ்டம்தான். இல்லண்டு யாரு சொன்ன? திரும்ப அப்பிடி ஒரு நாள் வந்தா, திரும்பவும் மாட்டன்.”

ஜனவரி 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாத்தளையில் விசேட பொதுக்கூட்டம். தீர்மானம் இதுதான்: தம்புள்ளைக் கணினி தலைமைக் கணினி. தொடர்பு அறுந்தாலும் அது தனியாக விற்கலாம். மற்ற இரண்டும் அது சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும்.

ஹாஜியாரின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. “மூணு பேர்ட்ட கேட்டுத்தான் கதவத் தொறக்கணுமெண்டா, வீடு பத்தினாலும் உள்ளுக்குள்ள கெடந்து சாவணும்” என்றார். பலர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் பேச்சியம்மா எழுந்தார். “வீடு பத்துனா தொறங்க ஹாஜியார், யாரு வேணாங்குறா? லொறி வந்தா வந்தான்னு தொறக்காதீங்க. போன தடவ தொறந்த வீட்டுல திருடன் வரல்ல, நீங்கதான் வந்தீங்க.”

மண்டபம் அதிர்ந்தது. ஹாஜியாரே சிரித்துவிட்டார். ஆனால் கையை எண்ணியபோது தீர்மானம் பதின்மூன்று வாக்கால் நிறைவேறியது. அதிக விலை கிடைக்காமல் போனவர்களின் கைகள் அவை. நான் இரண்டு தடவை எண்ணினேன்.

மாற்றத்தைச் செய்யும்படி மஸீனாவிடம் சொன்னார்கள்.

“கூட்டம் எடுத்த முடிவு, செல்லும். ஆனா என் கையால எழுத மாட்டன். ஒரு உறுப்பினர்ட சொல்லக் கேக்காமலே அவர்ட மிளக விக்கிற மெஷின நான் செய்ய மாட்டன்.”

“அப்ப ராஜினாமாவக் குடு” என்றார் ஹாஜியார்.

“அதுவும் மாட்டன். நான் என்ன களவா எடுத்த? நீக்கிறதெண்டா நீங்க நீக்குங்க. ஏன் நீக்கினதுண்டு எழுதித் தாங்க. உள்ளத எழுதினா அண்டக்கே போயிருவன்.”

சங்கத்தின் உபவிதி ஒன்று இங்கேதான் குறுக்கே வந்தது. ஊழியர் ஒருவரை நீக்கினால், காரணத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் மூன்று ஸ்டோர் வாசலிலும் பதினான்கு நாள் ஒட்டிவைக்க வேண்டும். தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் பலர் அதை ‘கணினி மாற்றம்’ என்று மட்டுமே விளங்கியிருந்தார்கள். அந்த மாற்றத்தின் பொருளை வாசலில் ஒட்டுவதற்கு நிர்வாகக் குழு விரும்பவில்லை.

பிப்ரவரியில் முதல் கடிதம் வந்தது: நிர்வாகக் காரணங்களுக்காக நீக்கப்படுகிறீர். மஸீனா அதன் கீழே “எந்தக் காரணம்?” என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மார்ச்சில் இரண்டாவது: ஒத்துழையாமை. “எதற்கு?” என்று எழுதி அதையும் திருப்பினார். இதற்கிடையில் தினமும் உக்குவளை ஸ்டோருக்கு வேலைக்கு வந்தார். அவருடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். மிளகு மூட்டையை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

“கஷ்டமா இல்லையா?” என்று கேட்டேன்.

“தும்மல் வருது ஐயா. வேற ஒண்ணும் இல்ல.”

ஹாஜியார் உக்குவளைக்கு நேரிலும் வந்தார். “உடம்புக்குச் சொகமில்லண்டு ஒரு கடிதம் தா மஸீனா. ரெண்டு மாசச் சம்பளம் கூடத் தாரன். மரியாதையா முடிப்பம்.”

“என் உடம்பு நல்லாத்தான் ஈக்கிது ஹாஜியார். உங்க கடிதத்துக்குத்தான் சொகமில்ல.”

புதிய வேலைக்கு ஒப்பந்தமான கொழும்புக் கம்பனி, பழைய பொறுப்பாளரை முறைப்படி நீக்காமல் கணினிகளில் கை வைக்க மாட்டோம் என்று அறிவித்தது. குழுவுக்கு வேறு வழி இருக்கவில்லை. மூன்று நாள் கூடிப் பேசி, மூன்றாவது கடிதத்தை எழுதினார்கள்.

அதில் இருப்பது ஒரே வாக்கியம்: “மாத்தளை, உக்குவளைக் களஞ்சியங்களின் ஒப்புதல் இல்லாமலே உறுப்பினரின் மிளகைத் தம்புள்ளைக் களஞ்சியம் விற்பதற்கு வழிசெய்ய மறுத்த காரணத்தால் நீர் சேவையிலிருந்து நீக்கப்படுகிறீர்.” கீழே நளீம் ஹாஜியாரின் முழுக் கையொப்பம். சிங்களப் பிரதி ஒன்றும், வாசல்களில் ஒட்டுவதற்கு மூன்று பிரதிகளும் கூட வந்தன.

மஸீனா மூட்டையிலிருந்து எழுந்து, நின்றபடி இரண்டு மொழியிலும் வாசித்தார். ஒரு சொல்லும் குறையவில்லை என்றார். உக்குவளை வாசலுக்கான பிரதியை, பசை தேடி எடுத்து, தன் கையாலேயே கதவில் ஒட்டினார். பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார்.

அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 2025 ஏப்ரல் 9, புதன்கிழமை.