ஹெர்மினியாவின் ரத்தம் ஏறிய முயல்

மணிலாவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஹெர்மினியா பதினோரு வருடமாக முயல் பார்க்கிறாள். மேகநோய், அதாவது சிபிலிஸ், அதன் கிருமி மகா செல்லம். லேசில் குழாயில் வளராது, முயலின் விரைதான் அதற்கு வேண்டும். அந்தக் கிருமியையே கப்பலுக்குப் போய்வந்த அவள் புருஷன் அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். பாவி!

ஊசி போட்டுக்கொண்டாள். ரத்தத்தில் நோயின் அளவைக் காட்டும் எண் அறுபத்து நாலிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. "குணமாயிடுச்சு, போ" என்றாள் ஆய்வுக்கூடத்து டாக்டர் தும்லாவ்.

வருகிற டிசம்பரில் ஆய்வுக்கூடத்தையே மூடுகிறார்கள். குவைத்தில் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்தது. தன் இரண்டு பெண்களின் படிப்புக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. ஆனால் வெளிநாடு போகிறவர்களைச் சோதிக்கும் பயண மருத்துவமனையில் செய்தது வேறொரு ரத்தச் சோதனை. தகுதியில்லை என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

"அந்தச் சோதனை ஒரு தடவை காட்டினா ஆயுசுக்கும் காட்டும்டி. திருடன் போயிட்டான், உடம்பு இன்னும் கதவைப் பூட்டிக்கிட்டே இருக்கு" என்றாள் டாக்டர்.

"அப்போ என் ரத்தத்தை முயலுக்குப் போடுங்க டாக்டரம்மா. நோய் இருந்தா அது காட்டிக் கொடுத்துடும்ல?"

போட்டார்கள். வேலையை மூன்று மாதம் நிறுத்திவைக்க, குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் சம்மதித்தான். தினமும் காலையில் முயலைத் தூக்கி, விரையில் வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். கூண்டு கழுவும் நெஸ்டர் சும்மா இருப்பானா?

"என்னக்கா, மாப்பிள்ளைக்கு உபசாரம் பலமா இருக்கு?"

"வாயை மூடுறா! என் பொழப்பே அது உடம்புல இருக்கு."

மூன்று மாதமும் முயலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ரத்தமும் சுத்தம். டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

பயண மருத்துவமனையின் பெரிய டாக்டர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். நல்ல மனுஷன்தான், சிரிக்கவில்லை.

"நம்புறேன்மா. உனக்கு நோய் இல்லை."

"அப்போ எழுதிக் கொடுங்கய்யா!"

அவர் படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். அந்தச் சோதனை என்ன காட்டியது என்பதற்கு இருக்கு, இல்லை என்று இரண்டே கட்டம்.

"குணமாயிடுச்சுங்கறதுக்குக் கட்டம் இல்லையேம்மா. நான் என்ன செய்ய?"

ஹெர்மினியாவுக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ‘இருக்கு’ என்ற கட்டத்தில் குறி போட்டார்.